மிச்சம் இருக்கும் மூச்சு

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்பவரின் இடது நுரையீரலைப் புற்றுக்கட்டியோடு முழுசாக எடுத்தார். ஒரு மடலை மட்டும் எடுப்பதாகத்தான் இருந்தது. நெஞ்சைத் திறந்த பிறகுதான் அது போதாது என்று தெரிந்தது. கில்மோர் ஒற்றை நுரையீரலோடு 30 வருஷம் வாழ்ந்து, 1963-ல் வேறு நோயில் இறந்தார். சிகரெட்டுக்கும் இந்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் எழுதிய கிரகாமோ, தானே நெடுநாள் புகைத்தவர். 1957-ல் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தெரியவந்தபோது இரண்டு பக்கமும் பரவியிருந்தது. கத்தி வைக்க இடமில்லை.

எப்போது கண்டுபிடித்தோம் என்பதுதான் முதல் கணக்கு. அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய பன்னாட்டுத் தொகுப்பில், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி என்றால் 100-ல் 90 பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். மூன்றாம் நிலையின் தொடக்கத்திலேயே அது 41 ஆகிவிடுகிறது.

நம் பக்கம் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டிலிருந்து மேற்கே போனால் விருத்தாசலம், பீங்கான் ஊர். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் எல்லாம் களிமண்ணும் குவார்ட்ஸும் சேர்ந்த கலவையில் பிறப்பவை. ஈரக் களி தொல்லை தராது. காய்ந்ததைச் சுரண்டும்போதும் தரையைப் பெருக்கும்போதும் கிளம்புகிற சிலிக்கா தூசிதான் நெஞ்சில் தங்கித் தழும்பாகிறது. அதைப் புற்று உண்டாக்கும் பொருள் என்று 1997-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதே தூசி காசநோய்க்கும் கதவு திறந்துவிடும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் டி.பி. மாத்திரை, இரண்டு மூன்று மாதம் அதில் கழியும். கட்டி காத்திருக்குமா?

நிணநீர்க் கணுக்களிலும் இதே குழப்பம்தான். புற்று அங்கே எட்டிப்பார்த்ததா என்பதில்தான் நோயாளியின் ஆயுள் பெரிதும் அடங்கியிருக்கிறது. ஆனால் தூசி தின்ற கணுவும் டி.பி. கணுவும்கூட பெட் ஸ்கேனில் பளிச்சென்று எரியும். கணுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் நிலையை முடிவு செய்வது ஊகம்தான். அறுவையின்போது கணுக்களைச் சரியாக எடுக்காவிட்டால், கீமோ தேவைப்படுகிறவர் தேவையில்லாதவர் பட்டியலில் போய்விடுவார்.

இரண்டாவது கணக்கு, வெட்டியது போக மிச்சம் எவ்வளவு என்பது. இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து 19 கூறுகள் என்று வைத்துக்கொள்வார்கள். வலது கீழ் மடலில் ஐந்து. ஊதும் சோதனையில் இயல்பான அளவில் 80 சதவீதம் காட்டுகிறவருக்கு அந்த மடல் போனால் சுமார் 59 மிஞ்சும், சமாளிக்கலாம். தூசியும் பீடியும் ஏற்கெனவே 40-க்கு இறக்கிவிட்டவருக்கு மிஞ்சுவது 29 சொச்சம். முப்பதுக்குக் கீழே போனால் டாக்டர்கள் கையைப் பிசைவார்கள். கட்டி சின்னதாக இருந்தும் அறுவைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் கிரகாம் காலத்து நம்பிக்கை. ஜப்பானில் 1,106 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிக்குச் சிலருக்கு மடலை முழுசாக எடுத்தார்கள், சிலருக்கு ஒரு கூறை மட்டும். கூறு எடுத்தவர்களிடம் கட்டி அதே பக்கம் மறுபடி முளைத்தது கூடுதல். ஆனால் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்களும் அவர்களில்தான் கூடுதல்: 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 91.1. மடலை இழந்தவர்களை வேறு நோய்கள் அதிகம் கொண்டுபோயின. மிச்ச நுரையீரல் பின்னால் வருகிற நோயைத் தாங்கக் கை கொடுத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பும்படியாகவே படுகிறது.

அறுவையைத் தாங்க மூச்சு போதுமா என்று அளக்கப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். மாடிப்படியில் 22 மீட்டர் உயரம் நிற்காமல் ஏறிவிட்டால் ஆபத்து குறைவு என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஏறக்குறைய ஏழு மாடி. சேத்தியாத்தோப்பில் அதற்குக் கட்டடம் தேட வேண்டும். அதனால் என்ன, ஆஸ்பத்திரி வராந்தாவில் 10 மீட்டர் தடம் போட்டு, மணி ஒலிக்க ஒலிக்க வேகம் கூட்டி நடக்கவிடுவார்கள். 400 மீட்டர் தாண்டினால் போதும்.