மணல் தீவுக்குப் போகலாமா?

எங்கள் ஊராகிய சேவுகம்பட்டியில் எந்தத் தெருவில் நின்றாலும் கொடைக்கானல் மலை கண்ணுக்குத் தெரியும். கோடை பிறந்ததும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மோட்டாரில் வந்து, வத்தலக்குண்டில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அந்த மலைக்கு ஏறுகிறார்கள். பிறர் பணம் செலவிட்டுத் தேடிவரும் மலையைத் தினந்தோறும் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, உல்லாசப் பிரயாணம் என்றால் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த யோசனை ஆரம்பமாயிற்று. என் பெண் தன் கைபேசியை நீட்டி மாலத்தீவின் படங்களைக் காட்டினாள். வெள்ளை மணல், நீல நிறத் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே கால் ஊன்றிய ஓலைக் குடில்கள். "ஒரு தடவையாவது போகவேண்டும், அப்பா" என்றாள். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். விமானக் கட்டணத்தோடு கணக்கை நிறுத்திவிட்டேன். குடிலுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. பையன் அந்தமான் என்றான். என் மனைவியோ, கடலும் இருக்கவேண்டும், கோயிலும் இருக்கவேண்டும், ஒரே ரயிலில் போய்ச் சேரவும் வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை வைத்தாள்.

மூலையில் உட்கார்ந்து நிலக்கோட்டை மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்த பெரிய அத்தை அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வீட்டு யோசனைகளில் அவள் சாதாரணமாகத் தலையிடுவதில்லை.

"மணலும் கடலும்தானே கேட்கிறீங்க? அதுக்கு எதுக்குத் தம்பி சீமைக்குப் போகணும்? தனுஷ்கோடிக்குப் போவோம்" என்றாள்.

"அங்கே என்ன அத்தைப் பாட்டி இருக்கிறது? இடிந்த சுவர்தானே?" என்றாள் என் பெண்.

அத்தை பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னைத் தனியாக அழைத்துத்தான் சொன்னாள். 1949-ல் அவளுக்கு எட்டு வயது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவளுடைய தகப்பனார், அதாவது என் பாட்டனார், விடுமுறையில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார். வழியனுப்பக் குடும்பமே சென்றது. அம்மையநாயக்கனூரில் ரயிலேறி, மதுரை வழியாக மானாமதுரைக்குப் போய், அங்கே 'போட் மெயில்' பிடித்துத் தனுஷ்கோடித் துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கப்பலேறினார். பிறகு அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன, பணம் வந்தது, ஒரு முறை தகர டப்பாவில் தேயிலை வந்தது. அவர் மட்டும் வரவில்லை. தோட்டத்திலேயே காய்ச்சலில் காலமாகிவிட்டார். அந்தத் தகர டப்பாவில் அத்தை இன்றைக்கும் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள்.

"அப்பாவை அங்கேதான் கடைசியாப் பார்த்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் மாலத்தீவைப் பற்றி யாரும் பேசவில்லை.

*

நிற்க. எண்பது வயதுக் கிழவியை அழைத்துக்கொண்டு ஒரு மணல் தீவுக்குக் கிளம்புவதென்றால் முன்னேற்பாடு இல்லாமல் முடியாது. ஆகவே நான் மட்டும் ஒரு முறை ஒத்திகையாகப் போய் வந்தேன். அங்கே கண்டதையும் விசாரித்ததையும் எழுதிவைத்தால், எங்களைப் போலவே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு உபயோகப்படலாம்.

முதலில் காலத்தைப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்கள் புயலுக்குரியவை. அந்தத் தீவின் பெருந்துன்பமும் ஒரு மார்கழியில்தான் நேர்ந்தது. சித்திரை, வைகாசியில் மணல் காலைச் சுடும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேசுவரத்தில் ஜன சமுத்திரம், கிழவர்களுக்கு ஆகாது. எஞ்சுவது தை அமாவாசை கழிந்த நாட்களும் மாசியின் முற்பகுதியும். எங்களுக்கு அதுவே சௌகரியம். தை மாதத்தில் எங்கள் ஊர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் உற்சவம் நடக்கும். கூடை கூடையாகப் பழங்களை வாரி வீச, ஜனங்கள் அவற்றைப் பிரசாதமாகப் பொறுக்கிக்கொள்வார்கள். அது முடியாமல் அத்தை ஊரைவிட்டு அசையமாட்டாள்.

அடுத்தது வழி. மதுரையிலிருந்து ராமேசுவரம் ரயிலில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பஸ்ஸிலும் போகலாம், 1988-ஆம் வருஷம் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப்பாலம் கடலுக்கு மேலே உயர்ந்து செல்கிறது. ஆனாலும் முதன்முறை போகிறவர்கள் பகல் ரயிலில் போகவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டி மண்டபம் வந்ததும் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் கரை பின்வாங்க, வண்டி சமுத்திரத்தின்மேல் ஊர்கிறது. பழைய பாலம் 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுழற்றி இரு கதவுகள்போலத் திறப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்துத் தேய்ந்த அதில் 2022 டிசம்பரோடு வண்டி ஓடுவது நின்றது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதுப் பாலம் 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி ஸ்ரீராமநவமியன்று திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி கதவாகத் திறப்பதில்லை, 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு முழுவதும் அப்படியே மேலே 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழி விடுகிறது.

தீவில் இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போவதுதான் வழக்கம். மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசையை எழுத்தில் வர்ணிப்பதைவிட ஒரு முறை நடந்து பார்ப்பது நல்லது. கிழவர்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். தரையெல்லாம் ஈரம், வழுக்கும். வயதானவர்கள் அக்கினி தீர்த்தத்தில் கால் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, உலர்ந்த வஸ்திரத்துடன் தரிசனத்துக்குப் போனால் போதும். நனைந்த துணியுடன் சந்நிதிக்குள் விடுவதில்லை. ஆகையால் மாற்றுடை கையிலேயே இருக்கட்டும்.

இந்தத் தீவில் சுவாமியே மணல்தான் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறோம்! அனுமார் லிங்கம் கொண்டுவரத் தாமதமாகவே, சீதாபிராட்டி கடற்கரை மணலைப் பிடித்து வைத்ததே ராமலிங்கம் என்பது ஸ்தல வரலாறு. அனுமார் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் இன்றைக்கும் முதற்பூஜை. காசிக்குப் போகிறவர்கள் இங்கிருந்து சேது மணலை எடுத்துச் சென்று கங்கையில் கரைத்து, கங்கா தீர்த்தம் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்கிறார்கள். ரயிலும் பேப்பரும் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, தேசத்தின் இரு கோடிகளையும் ஒரு பிடி மணலும் ஒரு சொம்புத் தண்ணீரும் சேர்த்து வைத்திருந்தன.

பேப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டாம் மகாயுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் ஓடியது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வீசி எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து உதவிய சிறுவர்களில் ஒருவர், 1931-ல் அந்த ஊரில் பிறந்து, பின்னாளில் தேசத்தின் ஜனாதிபதியான அப்துல் கலாம். பேய்க்கரும்பில் 2017-ல் திறக்கப்பட்ட அவருடைய நினைவகத்துக்குக் குழந்தைகளை அவசியம் அழைத்துப்போங்கள். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ந் தேதி வந்திறங்கி, பாஸ்கர சேதுபதி மன்னரால் வரவேற்கப்பட்டதும் இந்தப் பாம்பன் கரையில்தான். குந்துகாலில் அதற்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது.

*

இனித் தனுஷ்கோடி. இதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். கோயில் பார்த்த களைப்போடு மாலையில் ஓடிப்போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதானால் போகாமலே இருக்கலாம். தவிர, இருட்டும் முன்பே ஜனங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் சேற்றிலும் வேன்கள் குலுங்கிக் குலுங்கிப் போகும். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். ஆகையால் கிழவர்களும் வண்டியைவிட்டு இறங்காமலே முனை வரை போய்விடலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை. மறு பக்கம் மன்னார் வளைகுடா. முதலாவதைப் பெண் கடல் என்றும் அடுத்ததை ஆண் கடல் என்றும் அழைக்கிறார்கள். வாடைக் காற்று வீசும் காலத்தில் பெண் கடலும் பொல்லாததாகிவிடும் என்று ஒரு மீனவப் பெரியவர் சொல்லிச் சிரித்தார். முனையில் இரு கடலும் கலக்குமிடத்தில் நீரோட்டம் வெகு வேகம். குளிக்க இறங்கக் கூடாது. குழந்தைகளின் கையை விடக் கூடாது.

பாழ்பட்ட ஊர் முனைக்குச் சற்று முன்பே வருகிறது. கூரையில்லாத மாதா கோயில், ரயில் நிலையத்தின் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி நின்ற இடம் எல்லாம் மணலில் பாதி புதைந்து கிடக்கின்றன. 1914 முதல் ஐம்பது வருஷம் இது ஒரு துறைமுகப் பட்டணம். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இங்கிருந்து தலைமன்னாருக்குப் போய்வந்தன. சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கி, ரயிலிலும் கப்பலிலும் மறுபடி ரயிலிலுமாகக் கொழும்பு போய்ச் சேரலாம். உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் மட்டுமா போனார்கள்? தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் நொடி உண்டா என்று சோதித்து, இந்த வழியாகத்தான் கப்பலேற்றினார்கள்.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாஸஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஊரை நெருங்கும் வேளையில் பேரலை எழுந்து வண்டியை மூடிவிட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அன்றிரவே அழிந்தது. பாம்பன் பாலமும் உடைந்தது. அதை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் தலைமையில் நாற்பத்தாறே நாட்களில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடியை மட்டும் யாரும் திரும்பக் கட்டவில்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது.

இதில் இன்னொரு விஷயம் அதிகமாக நினைக்கப்படுவதில்லை. அதே வருஷம் அக்டோபர் 30-ந் தேதிதான் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலைநாட்டுத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று அதில் ஏற்பட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள், அவர்களுடைய பாட்டன்மார் கப்பலேறின துறையே இல்லாமற் போயிற்று! பிறகு ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலில் வந்து, அதே மண்டபம் முகாமில் அவர்கள் மறுபடி காத்திருந்தார்கள். அவர்களில் சிலர் எங்கள் பக்கத்துக் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

பாழூர் என்று சொல்லிவிட்டேனே தவிர, அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. மணலில் சில அடி ஆழம் கையால் தோண்டினால் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறுகிறது. உப்புக் கடல் இரண்டுக்கும் நடுவே இது எப்படி என்று நான் ஒரு பெண்மணியைக் கேட்டேன். "மழைத் தண்ணி மணலுக்குள்ள நிக்குதுங்க. ரொம்ப ஆழமா நோண்டினா உப்பாயிடும்" என்று அவள் சாஸ்திரத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். அவளிடம் வறுத்த மீனும் சங்கு மாலையும் வாங்கினேன். அவள் வீட்டு ஊற்றிலிருந்து பத்தடி தூரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன தண்ணீர்ப் புட்டிகள் குவிந்திருந்தன. நாங்கள் போகும்போது குப்பைக்கென்று தனியே ஒரு பை எடுத்துப்போவதாக இருக்கிறோம்.

*

ஊர் திரும்பியதும் அத்தையிடம் உள்ளதைச் சொல்லவேண்டியிருந்தது. "அத்தை, நீங்க பார்த்த கப்பல் துறை இப்போ இல்லை. அது எங்கே இருந்ததென்று என்னால் சரியாகக் காட்டக்கூட முடியாது" என்றேன்.

"தெரியும் தம்பி. புயல் அடிச்ச சேதி ரேடியோவில் வந்தப்போ நானும்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். சற்று நேரம் பூத்தொடுத்துவிட்டு, "கப்பல் எந்தத் திசையில போச்சுன்னு காட்டுவே இல்ல? அது போதும்" என்றாள்.

மாசி முதல் வாரத்துக்கு மதுரையிலிருந்து காலை வண்டியில் ஐந்து டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி, சிறுமலை வாழைப்பழம் என்று என் மனைவி ஜாபிதா எழுதிவிட்டாள். என் பெண், அத்தைப் பாட்டிக்கு வெயில் படாமல் ஒரு பெரிய குடை வேண்டும் என்று வத்தலக்குண்டுக்குப் போயிருக்கிறாள். அத்தை தன் பங்குக்கு, தகர டப்பாவிலிருந்த வெந்தயத்தை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவித் திண்ணையில் வெயிலில் காயவைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.