வெல்டிங்கில் உறுதி மட்டும் போதாது

தென்காசி வட்டாரத்து கிரில் பட்டறைகளில் எஸ்.எஸ். என்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயையும் எம்.எஸ். என்ற சாதாரண எஃகுத் தகட்டையும் சேர்த்துப் பற்றவைப்பது அன்றாட வேலை. சாதாரண ராடிலேயே பற்றவைத்து கிரைண்டர் போட்டுவிட்டால் ஒட்டு பளபளக்கும், இழுத்தாலும் வராது. குற்றாலச் சாரலில் ஒரு சீசன் நனைந்த பிறகுதான் ஒட்டு நெடுகச் செம்பழுப்புக் கோடு விழும். எஸ்.எஸ். துருப்பிடிக்காததற்குக் காரணம் அதிலுள்ள சுமார் 18 சதவீத குரோமியம். சாதாரண ராடின் இரும்பு கலந்ததும் ஒட்டில் அந்த அளவு குறைகிறது. ஒட்டு கடினமாகி, நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. வீட்டுக் கேட்டில் இது அழகைத்தான் கெடுக்கும். கடையநல்லூர், தென்காசி பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகும் வெல்டர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இதே பழக்கத்தைத் தொடர்ந்தால் உயிரே போகும். அங்கே ஒட்டு எவ்வளவு உறுதியானது என்பதோடு, கடினம் ஏறாமல் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

காரணம் கச்சா எண்ணெயிலுள்ள கந்தகம். அதிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, தண்ணீரோடு சேர்ந்து இரும்பை அரிக்கும்போது ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. அவை ஜோடி சேர்ந்து வாயுவாக வெளியேறுவதை சல்பைடு தடுப்பதால், இரும்புக்குள்ளேயே நுழைகின்றன. மென்மையான இரும்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கடினமான இடம் விரிசல் விடும். 1984 ஜூலையில் அமெரிக்காவின் ரோமியோவில் என்ற ஊரின் எண்ணெய் ஆலையில் ஒரு கலன் வெடித்து 17 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்த வெல்டை ஒட்டிக் கடினமாகிப்போயிருந்த பகுதியில்தான் விரிசல் தொடங்கியது. கடினமான இடம் இப்படி ஆபத்தாவதால்தான், அரிப்புத் தடுப்புக்கான நேஸ் எஸ்.பி. 0472 விதி, கார்பன் ஸ்டீல் வெல்டின் கடினத்துக்கு பிரினெல் அளவில் 200, வெப்பம் தாக்கிய அண்டைப் பகுதிக்கு விக்கர்ஸ் அளவில் 248 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

எல்லாக் குழாயையும் எஸ்.எஸ்.ஸிலேயே போட்டால் என்ன என்று கேட்கலாம். செலவு ஒருபுறம் இருக்க, குளோரைடு கலந்த சூடான நீரில் எஸ்.எஸ்.ஸும் வெடிப்பு விடும். ஆகவே இரண்டு உலோகங்களும் எங்காவது சந்தித்தே தீரும். குரோமியமும் நிக்கலும் கூடுதலாக உள்ள 309 ராடு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். அது ஒட்டைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் பக்கத்து இரும்பு சூடாகிச் சட்டென்று குளிர்ந்து கடினமாவதை எந்த ராடும் தடுக்காது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி ஸ்டீல் என்றால் முன்சூடும், பிறகு 700 டிகிரிக்கு மேல் வெப்பப் பதமும் தேவை. சிக்கல் இங்கேதான்: 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் எஸ்.எஸ்.ஸின் குரோமியம் கார்பனோடு சேர்ந்து, அதன் அரிப்புத் தடுப்பு கெட்டுப்போகும். ஒரு பக்கத்துக்கு மருந்தாவது மறுபக்கத்துக்கு நஞ்சு. இதற்கு அருமையான தீர்வு பட்டரிங். குரோம்-மாலி முனையில் முதலில் 309 அல்லது நிக்கல் உலோகத்தைப் பல அடுக்குகளாகப் பூசி, அந்தத் துண்டை மட்டும் பதப்படுத்திவிட்டு, பிறகு எஸ்.எஸ்.ஸோடு சேர்க்கிறார்கள். எஸ்.எஸ்.ஸுக்கு அந்தச் சூடே தெரியாது.

சூட்டில் விரிவதிலும் எஸ்.எஸ்.ஸுக்கும் மற்ற ஸ்டீலுக்கும் ஒத்துப்போகாது. 10 மீட்டர் குழாயை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், எஸ்.எஸ்., கார்பன் ஸ்டீலைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அதிகமாக நீளும். இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான் கல்பாக்கத்து வேக ஈனுலைக்கு, எஸ்.எஸ்.ஸுக்கும் குரோம்-மாலி ஸ்டீலுக்கும் நடுவே அலாய் 800 என்ற மூன்றாவது உலோகத்தை வைத்துச் சேர்க்கும் முறையை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. ஆக, அறிவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பட்டறைப் பையன்களின் கைக்குத்தான் வந்து சேரவில்லை. சாய்த்து வைத்த குழாயைப் பற்றவைக்கும் 6ஜி சோதனையில் தேறினால் போதும் என்று பயிற்சி மையங்கள் நிறுத்திக்கொள்ளக் கூடாது. முன்சூடு எதற்கு, எந்த ஜோடிக்கு எந்த ராடு, கடினத்தை எப்படி அளப்பது என்பதையும் தென்காசி மாவட்ட ஐ.டி.ஐ.களிலேயே கற்றுத்தர வேண்டும்.