தம்பர்லேன் நாடகமும் வாசகன் தீர்ப்பும்

கிறிஸ்தோபர் மார்லோ (1564 – 1593) இயற்றிய ‘தம்பர்லேன்’ இரு பாகங்களாக 1590 ஆம் ஆண்டில் அச்சேறியது. இடையனொருவன் பாரசீகத்தின் முடியைக் கவர்ந்து, துருக்கிய வேந்தன் பஜசேத்தைக் கூண்டிலடைத்துத் தன் பாதபீடமாக்கும் கதையை முதற்பாகம் கூறுகின்றது. 1405 இல் மறைந்த தைமூரே இத்தலைவனுக்கு மூலம்.

அவல நாடகத்திற் செருக்குற்றோன் வீழ்வான் என எதிர்பார்ப்போர் முதற்பாகத்தில் ஏமாறுவர். முற்றுகையின் முதல் நாள் வெண்கூடாரம், மறுநாள் செங்கூடாரம், மூன்றாம் நாள் கருங்கூடாரம். கருமை தோன்றியபின் இரக்கமில்லை. இரந்து நின்ற தமஸ்கு நகரக் கன்னியரைக் கொல்லுமாறு பணித்தவனே, அடுத்த கணம் அழகின் இயல்பை இனிய கவிதையில் ஆராய்கின்றான். நாடகமோ தண்டனையில் அன்று, மணவினை ஏற்பாட்டிலே முடிகின்றது.

இங்கேதான் வாசகன் சோதிக்கப்படுகின்றான். இயைபுத்தொடையற்ற ஐஞ்சீரடியின் முழக்கம் செவியை ஆட்கொள்ள, உள்ளம் கொடியோனை வியக்கின்றது. சொல்லை வியப்பது வேறு. செயலுக்கு இசைவது வேறு. இவ்வேறுபாட்டை நாடகம் எடுத்துரைப்பதில்லை. தீர்ப்பை முன்னுரையே அவையோரிடம் விட்டுவிடுகின்றது.

படைகள் வெல்லாத அவனை இரண்டாம் பாகத்தில் நோய் வெல்கின்றது. இறக்குந் தறுவாயில் தேசப்படத்தைக் கொணர்வித்து, தான் வெல்லாத நிலங்களைக் காட்டி ஏங்குகின்றான். தன் கையாற் கொன்ற மைந்தனைப் பற்றியோ அப்போது ஒரு சொல்லும் இல்லை.