பத்து தடவை சுத்தமா வந்தா, பதினோராவது பெட்டியைத் திறக்கணுமா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல மாட்டாத ஆள் வடசென்னையில் இருக்க மாட்டாங்க. ராயபுரம் ஜீரோ கேட்டிலிருந்து திருவொற்றியூர், மணலி வரைக்கும் அதுதான் நமக்கு நிரந்தர சீனரி. அந்தப் பெட்டிகளுக்குள்ள என்ன போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? கார் உதிரிபாகம், பிளாஸ்டிக் குருணை, மெஷின்... இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். சில பெட்டிகளில் உளுந்து இருக்கும். நம்ம இட்லிக்கு உள்நாட்டு விளைச்சல் பத்தாதபோது கைகொடுப்பது பெரும்பாலும் மியான்மர் உளுந்து. அது உள்ளே வரும் முக்கிய வாசல்களில் ஒன்று சென்னைத் துறைமுகம்.

ஒரு இருபதடிப் பெட்டியில் 20 டனுக்கு மேல உளுந்து ஏறும். கூடவே டிக்கெட் வாங்காத பயணிகளும் ஏறலாம்: உயிருள்ள வண்டு, களை விதை, மண் கட்டி, அந்த மண்ணுக்குள்ள ஏதாவது ஒரு பூஞ்சை. இவங்களை வாசலிலேயே பிடிக்கத்தான் தாவரத் தனிமைப்படுத்தல் என்று ஒரு ஏற்பாடு இருக்கு. சுங்கத்துறை வேற, இது வேற. சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ் வரும். இது வேளாண் அமைச்சகத்தின் கீழ். அடிப்படைச் சட்டம் 1914-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. இன்றைய நடைமுறை அதன் கீழ் 2003-ல் வந்த ஆணைப்படி நடக்குது. சென்னைக்கான மண்டல நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, மீனம்பாக்கத்தில் இருக்கு.

சரக்கு ஏறும் நாட்டின் அதிகாரிகள் 'இதில் பூச்சி நோய் இல்லை'ன்னு ஒரு சான்றிதழ் தரணும். பல பொருட்களுக்கு நம்ம பக்கம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் வாங்கணும். பெட்டி இறங்கி சி.எஃப்.எஸ். யார்டுக்குப் போனதும் அதிகாரி வந்து மாதிரி எடுப்பார். சரியாக இருந்தால் விடுவிப்பு. பூச்சி இருந்தால் புகைமூட்டம் போடணும், இல்லைன்னா திருப்பி அனுப்பணும், அதுவும் முடியாட்டி அழிக்கணும். இதெல்லாம் முடியும் வரை யார்டு வாடகை மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். கிளியரிங் ஏஜென்ட்டைக் கேட்டுப் பாருங்க, வரியைவிட இந்தக் காத்திருப்பைப் பத்திதான் அதிகமா புலம்புவார்.

இப்போ கேள்விக்கு வருவோம். ஒரு இறக்குமதியாளர் தொடர்ந்து பத்து பெட்டி சுத்தமாகக் கொண்டுவந்திருக்கார். பதினோராவதையும் திறந்து பார்க்கணுமா?

'கண்டிப்பா பார்க்கணும், ஒண்ணு தப்பினாலும் போச்சு' என்பது ஒரு பதில். 'நல்ல ஆளை ஏன் அலைய விடுறீங்க' என்பது இன்னொன்று. ரெண்டுமே உணர்ச்சியில் வர்ற பதில். கணக்குப்படி ஒரு பதிலும் இருக்கு. அதை எழுதியவர் பூச்சியைப் பத்தி யோசிக்கவே இல்லை.

அவர் பெயர் ஹெரால்ட் டாட்ஜ். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். கன்வேயரில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் உதிரிபாகங்களை எல்லாம் சோதிக்க முடியாது; ஒன்றையும் சோதிக்காமலும் விட முடியாது. அதுக்கு 1943-ல் ஒரு விதி சொன்னார். முதலில் எல்லாத்தையும் சோதி. தொடர்ந்து இத்தனை பொருள் பழுதில்லாமல் வந்துவிட்டால், அதுக்கப்புறம் நாலில் ஒன்று மாதிரி தற்செயலாக எடுத்து மட்டும் சோதி. அதில் ஒரே ஒரு பழுது கிடைச்சாலும் மறுபடி முதலிலிருந்து, அதாவது நூறு சதவீதம். புரொடக்‌ஷன், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது தொடர் மாதிரியெடுப்புத் திட்டம்னு தரக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் வந்திருக்கும். நம்மில் பாதிப் பேர் அதை ரெண்டு மார்க் கேள்வியாகப் படிச்சிட்டு மறந்திருப்போம்.

உதிரிபாகத்துக்குப் பதிலாகக் கன்டெய்னரைப் போடுங்க. பத்து சுத்தமான பெட்டி வந்தால் சலுகை, அதுக்கப்புறம் நாலில் ஒன்று சோதனை என்று வைத்துக்கொள்வோம். நீண்ட காலத்தில் ஒருவருடைய பெட்டிகளில் எத்தனை பங்கு சோதிக்கப்படும் என்பதற்கு எளிய சமன்பாடு இருக்கு. 100-க்கு 1 பெட்டியில் மட்டும் பிரச்சினை உள்ள ஆளுக்கு அது 0.25 ÷ (0.25 + 0.75 × 0.99¹⁰). கால்குலேட்டரில் தட்டினால் சுமார் 0.27. அதாவது 100 பெட்டியில் 27 மட்டுமே திறக்கப்படும். 100-க்கு 20 பெட்டியில் பிரச்சினை உள்ள ஆளுக்கு 0.99-க்குப் பதிலாக 0.80 போடுங்க. 76 வரும். பாதிக்குப் பாதி மோசமான ஆளா இருந்தால் கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியும் திறக்கப்படும். இதில் யாரும் யாரையும் 'நல்லவர்', 'கெட்டவர்'னு முத்திரை குத்தவில்லை, விதியே பிரிச்சிடுது.

இன்னும் ஒரு படி போவோம். இந்த இரண்டு பேரும் ஆளுக்கு 100 பெட்டி கொண்டுவருகிறார்கள். மொத்த சோதனை 27 + 76 = 103. இதே 103 சோதனையைப் 'பாரபட்சமில்லாமல்' ரெண்டு பேருக்கும் சமமாகப் பிரிச்சால் என்ன ஆகும்? பிரச்சினையுள்ள 21 பெட்டியில் சுமார் 10 தப்பிச்சு வெளியே போயிடும். டாட்ஜ் விதியில் தப்புவது 5 அல்லது 6. ஆட்கள் அதே, நேரம் அதே, தப்புவது கிட்டத்தட்ட பாதி. அதனாலதான் இதை வியாபாரிக்குத் தரும் சலுகைன்னு மட்டும் பார்க்கிறது அரைகுறைப் பார்வை. நல்லவரிடம் மிச்சமான அதிகாரியின் மணி நேரம் சந்தேகத்துக்குரிய பெட்டிக்குப் போகுது என்பதுதான் விஷயம்.

ஆஸ்திரேலியா இதை நிஜமாகவே செய்யுது. பச்சைக் காப்பிக்கொட்டை, உலர்ந்த ஆப்ரிகாட் மாதிரி ஆபத்து குறைவான தாவரப் பொருட்களுக்கு, தொடர்ந்து தேறிய இறக்குமதியாளருக்குச் சோதனை குறையும். ஒரு தடவை தவறினால் மறுபடி நூறு சதவீதம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் செப்ரா என்ற உயிரிப் பாதுகாப்பு ஆய்வு மையம் இந்த விதிகளை வடிவமைப்பதில் வேலை செய்திருக்கு. அங்கே விதி வெளிப்படை. எத்தனை தேறினால் என்ன கிடைக்கும்னு இறக்குமதியாளருக்கு முன்பே தெரியும்.

நம்ம ஊரில்? சுங்கத்துறை இந்தத் திசையில் எப்பவோ கிளம்பிடுச்சு. 2005-லிருந்து இடர் மேலாண்மை அமைப்பு என்ற மென்பொருள்தான் எந்த பில் ஆஃப் என்ட்ரியைப் பார்க்கணும், எதை அப்படியே விடணும்னு தேர்ந்தெடுக்குது. 2011-ல் சோதனை ஓட்டமாகத் தொடங்கி 2016-ல் திருத்தி அமைத்த ஏ.இ.ஓ. திட்டத்தில், கணக்குவழக்கு சுத்தமாக உள்ள நிறுவனங்களுக்கு மூன்று படி அந்தஸ்து. மேலே போகப் போகச் சோதனை குறையும். இரண்டாம், மூன்றாம் படிக்காரர்கள் சுங்க வரியைத் தள்ளிக் கட்டலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அவசரமா பாகம் வேணும்னா இதன் அருமை தெரியும். ஆனா ஏ.இ.ஓ. அட்டையைக் காட்டினால் பூச்சிச் சான்றிதழ் வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வரி ஒழுங்காகக் கட்டுபவரின் மூட்டையில் வண்டு இருக்காதுன்னு என்ன நிச்சயம்? வண்டுக்கு ஜி.எஸ்.டி. தெரியாது.

சுங்க மென்பொருள் எந்த விதிப்படி பெட்டியைத் தேர்ந்தெடுக்குது என்பது ரகசியம். அதுக்கு நியாயம் இருக்கு. தங்கம் கடத்துபவருக்கு விதி தெரிந்தால் அதுக்கேற்ற மாதிரி திட்டம் போடுவார். பூச்சி விஷயம் அப்படி இல்லை. வண்டைக் கடத்தி லாபம் பார்ப்பவர் யாரும் கிடையாது. சரக்கை நனைய விட்டது, பழைய சாக்கைப் பயன்படுத்தியது, மலிவான கிடங்கில் வைத்தது என்று பெரும்பாலும் அலட்சியத்தில் வர்ற தப்பு. இங்கே விதியை மறைச்சு வெச்சா பயம் வரும், திருந்தத் தூண்டுதல் வராது. 'இன்னும் மூணு பெட்டி தேறினா யார்டு வாடகை மிச்சம்' என்று தெரிந்தால்தான் அந்த இறக்குமதியாளர் மியான்மரில் உள்ள சப்ளையரைப் போனில் பிடிச்சு நல்ல கிடங்கு கேட்பார். என் கருத்தில் ரெண்டு துறைக்கும் ஒரே ரகசியப் பெட்டி பொருந்தாது.

சரி, ஓட்டைகளையும் பார்ப்போம்.

தப்பு செய்து மாட்டிய நிறுவனம் புதுப் பெயரில் வந்தால்? பிரச்சினை இல்லை. புதிதாக வருபவரும் நூறு சதவீதத்தில்தான் தொடங்கணும், அதனால பெயர் மாற்றி லாபமில்லை. சுத்தமான வரலாறு உள்ள இன்னொருவரின் இறக்குமதிக் குறியீட்டை வாடகைக்கு எடுத்தால்தான் சிக்கல். அதே மாதிரி ஒரே ஆள் பத்து பெட்டி காப்பிக்கொட்டையில் நல்ல பெயர் வாங்கிட்டு, அந்தப் பெயரில் விதைக்கிழங்கு கொண்டுவந்தால்? அதனால மதிப்பெண்ணை ஆளுக்கு மட்டும் போடக் கூடாது. ஆள், பொருள், நாடு, சப்ளையர் எல்லாம் சேர்ந்த ஜோடிக்குப் போடணும். ஒண்ணு மாறினாலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து.

இன்னொரு ஓட்டை சோதனைக்குள்ளேயே இருக்கு. மேலே போட்ட கணக்கில், திறந்தால் கண்டுபிடிச்சிடுவோம்னு எடுத்துக்கிட்டோம். நிஜத்தில் 20 டன்னையும் யாரும் கொட்டிப் பார்க்கப் போறதில்லை. தற்செயலாக 600 அலகு எடுத்துப் பார்த்தால், 200-க்கு 1 என்ற அளவில் இருக்கும் தொற்றைப் பிடிக்க 95 சதவீத வாய்ப்பு. 1 − 0.995⁶⁰⁰ போட்டுப் பாருங்க. அதைவிடக் குறைவாக ஒளிந்திருந்தால் அந்த வாய்ப்பும் சரியும். கதவு பக்கத்தில் இருக்கும் நாலு மூட்டையில் கை விட்டு எடுத்துட்டு 'தேறியது'ன்னு எழுதினால், பத்து தேர்ச்சி என்பதுக்கு அர்த்தமே இல்லை. சலுகைத் திட்டம் நிற்பதே ஒழுங்கான சோதனை மேலதான்.

மூன்றாவது, கடந்தகாலம் எதிர்காலத்தைச் சொல்லாத சமயங்கள். காப்ரா வண்டு நம்ம துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. தானியக் கிடங்குகளுக்கு எமன். உணவே இல்லாமல் இடுக்கில் வருஷக்கணக்கில் அதன் புழு காத்திருக்கும். 2020-ல் ஆஸ்திரேலியாவில் அது எங்கே கிடைச்சது தெரியுமா? இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டிகளோடு. கோதுமை இல்லை, அரிசி இல்லை, ஃபிரிட்ஜ்! ஃபிரிட்ஜ் கொண்டுவந்தவரின் வரலாறு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது இதைச் சொல்லியிருக்காது. அதுக்கப்புறம் ஆஸ்திரேலியா இந்த வண்டு உள்ள நாடுகளின் சரக்குக்கும் கன்டெய்னருக்கும் விதிகளை இறுக்கியது. நாமும் அந்தப் பட்டியலில் உண்டு.

இவ்வளவு நேரம் அதிகாரி, இறக்குமதியாளர் என்று ரெண்டு பேரைத்தான் பேசினோம். பில் கட்டுற மூன்றாவது ஆள் ஒருத்தர் இருக்கார்.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு மாவட்டங்களில் ஒரு சுற்று சுற்றியது. 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. எந்தப் பெட்டியில், யாருடைய சரக்கில் வந்ததுன்னு கைநீட்ட முடியாது. நஷ்டம் மட்டும் விவசாயிக்கு.

நம்ம வாசலிலேயே பார்க்கணும்னா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்க. தென், மத்திய அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு கறுப்புச் சிப்பி கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையில் பாய் விரிச்ச மாதிரி படர்ந்திருக்கு. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. இறால் புதைந்து வாழ சேறு வேணும். சேற்றை இது மூடிடுது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரலையும் கிழிக்குது. மஞ்ச மட்டி இருந்த இடத்தை இது பிடிச்சிடுச்சுன்னு அவங்க சொல்றாங்க. பழவேற்காடு பக்கமும் பரவியிருக்கு, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கு போயிருக்கு. கப்பல்கள் சமநிலைக்காக ஒரு கடலில் ஏற்றி இன்னொரு கடலில் இறக்கும் நீரில் இதன் குஞ்சுகள் வந்திருக்கணும் என்பதுதான் வலுவான சந்தேகம். கன்டெய்னரைத் திறந்து உளுந்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த நீர் மேல் எந்த வேலையும் இல்லை.

நாலில் ஒன்று பார்த்தால் போதுமா, பத்தில் ஒன்று போதுமா என்று முடிவு செய்யும்போது இறக்குமதியாளரின் யார்டு வாடகை ரூபாயில் மேசைக்கு வந்துடும். எண்ணூர் இறால்காரரின் நஷ்டம் எந்தக் கோப்பிலும் வராது. டாட்ஜ் சமன்பாட்டில் அந்த 0.25-ஐ யார், எந்த நஷ்டத்தைக் கணக்கில் எடுத்து நிர்ணயிக்கிறாங்க என்பதைப் பொறுத்துத்தான், தப்புகிற பெட்டி அஞ்சா பத்தா என்பது இருக்கு. ஆபத்து குறைவான உலர்ந்த பொருளுக்கு நாலில் ஒன்று சரி. விதை, கிழங்கு, நாற்று, மண்ணோடு வரும் எதுவானாலும், பத்து இல்லை, நூறு தடவை தேறினாலும் நான் கதவைத் திறக்கத்தான் சொல்வேன்.