எஞ்சும் சோறும் புவி வெப்பமும்

புவி வெப்பமடைதலைத் தடுக்கத் தனி மனிதர் என்ன செய்யலாம் என்று கேட்டால், மின்விளக்கை அணைப்பது, மரம் நடுவது என்னும் விடைகளே முதலில் வருகின்றன. சோற்றுப்பானையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வெளியேறியது.

சோற்றைப் பொறுத்தவரை கேடு இருமுறை நிகழ்கிறது. நீர் தேங்கிய வயலில், காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு வழியே அது வெளியேறுகிறது. சமைத்த சோற்றைக் குப்பையில் கொட்டினால், குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகி மீண்டும் அதே வாயு எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. ஆயினும் வளிமண்டலத்தில் தங்குவது சுமார் 12 ஆண்டுகளே. எனவே இன்று குறைத்தால் அதன் பயனை நம் தலைமுறையே காணலாம்.

அரிசியை அளந்து உலையிலிடுவதும் எஞ்சியதை நீரூற்றிப் பழையசோறாக்குவதும் நம் பாட்டிமார் அறிந்தவையே. காய்கறித் தோலைக் காற்றோட்டமுள்ள குழியில் மக்கவிட்டால் மீத்தேன் பெருமளவு தவிர்க்கப்படும்.

கடினமானது வலீமா விருந்துதான். வருவோர் எத்தனை பேர் என்று கேட்டறியாமலே தேக்சா தேக்சாவாகப் பிரியாணி சமைக்கிறோம். குறைந்துவிட்டால் மானம் போய்விடும் என்ற அச்சமே அங்கு அளவுகோல். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கத்தில், ஒருவர் விட்டதை அடுத்தவர் உண்டு முடிக்கலாம். தனித்தனி இலையில் அதற்கு வழியில்லை. அங்கு, பரிமாறும் இளைஞர்களிடம் கேட்டுக் கேட்டு வைக்கும்படி மணவீட்டார் முன்னதாகவே சொல்லி வைக்கலாம்.