மேசை போட ஒரு மூலை

ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே அமைந்த பொம்மனஹள்ளி, 2007-இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகரசபையாக இருந்த பகுதியாகும். சிறு மனைகளில் மாடிமேல் மாடியாக எழுந்த வாடகை வீடுகள் மிகுந்த இவ்வூரில், வீட்டு அலுவலகம் என்பது பெரும்பாலும் தனியறையைக் குறிப்பதில்லை. மேசை போட ஒரு மூலையையே குறிக்கிறது.

2020 மார்ச் பொதுமுடக்கத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு, நோய் தணிந்த பின்னும் முடியவில்லை. மெட்ரோ கட்டுமானத்தால் சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரையிலான வெளிவட்டச் சாலை நெரிசலில் திணறும் என்பதால், 2022 டிசம்பர் வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே பணியாற்ற விடுமாறு 2021 ஆகஸ்டில் கர்நாடக அரசே நிறுவனங்களை அறிவுறுத்தியது. கிருமி தொடங்கியதைச் சாலை நீட்டித்தது எனலாம்.

மூலையைத் தேர்வதில் முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் ஒளி பட்டுத் தெறிக்கும். எதிரே இருந்தால் கண் கூசும். ஆகவே மேசையைச் சன்னல் இடப்புறமோ வலப்புறமோ அமையுமாறு போடுவதே முறை. பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தெருக்களில் பகலிலும் விளக்கு தேவைப்படும் என்பது வேறு.

அடுத்தது உயரம். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கழுத்துக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். கால் தரையில் படியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பழைய மனைப்பலகையே போதும். விலையுயர்ந்த நாற்காலி அதற்குப் பின்னர் யோசிக்க வேண்டியது.

மின்சாரத்தில்தான் எதிர்பாராத செலவு ஒளிந்திருக்கிறது. 2023-இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டம், ஒரு வீட்டின் 2022-23 மாதச் சராசரிப் பயன்பாட்டோடு பொதுவாக 10 விழுக்காடு சேர்த்து, 200 யூனிட்டுக்கு உட்பட்டு இலவச மின்சாரம் தருகிறது. அந்த அளவைக் கடந்தால் மிகுதிக்கும், 200-ஐயே தாண்டினால் முழுப் பயன்பாட்டுக்கும் கட்டணம் உண்டு. மடிக்கணினியும் தனித்திரையும் சேர்ந்து 90 வாட் எடுத்து, நாளுக்கு 8 மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஓடினால் 18 யூனிட் ஆகும்; 80 யூனிட் சராசரி கொண்ட வீட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் சலுகையோ 8 யூனிட் மட்டுமே. மின்தடையின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் சிறு யுபிஎஸ் கருவியை இணைய ரவுட்டருக்கு மட்டும் பொருத்துவது சிக்கனமானது. மடிக்கணினிக்குச் சொந்த மின்கலம் உண்டு.

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கி, பொம்மனஹள்ளியிலும் ரயில் நிற்கிறது. ஆயினும் வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் கலப்புமுறை பல நிறுவனங்களில் தொடர்வதால், அந்த மேசையை மடித்துப் பரணில் ஏற்றும் காலம் இன்னும் வரவில்லை.