பெரிய பாட்டரி நிறைந்திருக்க, கார் ஏன் நின்றது?

ஒரு புதிர் சொல்கிறேன். விடையைக் கண்டுபிடிக்க முயலுங்கள்.

வாங்கிச் சில மாதங்களே ஆன மின்சாரக் கார் ஒன்று நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டரியில் 70 சதவீதம் மின்சாரம் இருப்பதாகத் திரை காட்டுகிறது. திடீரென்று ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. காரின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. சற்று நேரத்தில் கார் நின்றேவிடுகிறது. மறுபடி கிளப்பினால் கிளம்பவில்லை. ஊர் போய்ச் சேரத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆற்றல் காருக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் அது நகர மறுக்கிறது. ஏன்?

இது வெறும் கற்பனை அல்ல. இத்தகைய பழுது ஏற்படக்கூடும் என்பதற்காக 2024 மார்ச் மாதத்தில் ஹுண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் 98,878 மின்சாரக் கார்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்கள் அழைக்கப்பட்டன. என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள உங்கள் பள்ளி இயற்பியலே போதும்.

இரண்டு பாட்டரிகள்

மின்சாரக் காரில் ஒரு பாட்டரி அல்ல, இரண்டு உண்டு. ஒன்று, தரைக்கு அடியில் பரவியிருக்கும் பெரிய பாட்டரி. இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐயோனிக் 5 காரில் இதன் கொள்ளளவு 72.6 கிலோவாட் மணி. மின்னழுத்தம் சுமார் 650 வோல்ட். சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது இதுதான். மற்றொன்று, பெட்ரோல் கார்களில் நீங்கள் பார்த்திருக்கும் அதே 12 வோல்ட் பாட்டரி. அது 45 ஆம்பியர் மணி கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 45 ஆல் பெருக்கினால் 540 வாட் மணி, அதாவது 0.54 கிலோவாட் மணி. பெரியதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை!

ஆனால் முகப்பு விளக்கு, மழைத் துடைப்பான், திரை, கதவுப் பூட்டு, காரை ஆளும் சிறு கணிப்பொறிகள் எல்லாம் இந்தச் சிறிய பாட்டரியை நம்பியே இருக்கின்றன. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் இதற்கு உண்டு. பெரிய பாட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே காண்டாக்டர் என்னும் சாவிகள் இருக்கின்றன. இவை மின்காந்தத்தால் இயங்குபவை. சிறிய பாட்டரியின் மின்னோட்டம் கம்பிச்சுருளில் பாய்ந்தால் சாவி மூடிக்கொள்ளும். மின்னோட்டம் நின்றால், சுருள்வில் இழுத்துச் சாவியைத் திறந்துவிடும். பெரிய பாட்டரி துண்டிக்கப்படும்.

‘பெரியதைச் சிறியதன் கையில் ஏன் ஒப்படைக்க வேண்டும்?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ரயிலை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது பெட்டிகள் பிரிந்துபோனால், காற்றுக் குழாய் அறுந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் பாதுகாப்பான நிலைக்குத் தானே திரும்ப வேண்டும் என்பதே இதன் தத்துவம். காண்டாக்டரும் அப்படித்தான். கார் விபத்துக்குள்ளாகி நசுங்கினாலும் 650 வோல்ட் வெளியே வராமல் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். ஆகவே, நம் புதிரில் கார் நின்றது ஒரு வகையில் பாதுகாப்பு ஏற்பாடு தன் கடமையைச் செய்ததால்தான்.

சிறியதற்கு யார் சோறு போடுவது?

பெட்ரோல் காரில் எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் சிறிய பாட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. அங்கே டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் என்னும் கருவி பெரிய பாட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சிறியதற்குக் கொடுக்கிறது. மின்மாற்றி நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாது என்று படித்திருப்பீர்கள். ஆகவே இக்கருவியில் உள்ள குறைகடத்திச் சாவிகள் அம்மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. அப்படி வெட்டிய மின்னோட்டம் ஒரு சிறு மின்மாற்றி வழியே சென்று, மறுபடியும் நேர்மின்னோட்டமாகத் திருத்தப்படுகிறது.

திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் பழுதாகக்கூடியதாக இருந்தது இந்தக் கருவி அடங்கிய பெட்டிதான். கணநேர உயர் மின்னழுத்தமும், திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிர்வதும் அதைச் சேதப்படுத்தலாம் என்பதே 2024 மார்ச்சில் சொல்லப்பட்ட காரணம். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

சோக் வைத்த பழைய குழல்விளக்கை எரியவிடும்போது ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டிக்கிறது. உடனே சோக்கில் பல நூறு வோல்ட் எழும்பி விளக்கை ஏற்றுகிறது. தன் மின்தூண்டலின் விளைவு இது. 0.0001 ஹென்றி கொண்ட சுருளில் 5 ஆம்பியர் மின்னோட்டம், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் எழும் மின்னழுத்தம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்: 500 வோல்ட்! விளக்கை ஏற்ற உதவும் இதே நிகழ்ச்சி, அளவு மீறினால் குறைகடத்தியைத் துளைத்துவிடும்.

அடுத்தது வெப்பம். ஒரு டிகிரி வெப்பநிலை உயர்வுக்குச் செம்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரிகிறது. சிலிக்கன் 2.6 பங்குதான் விரிகிறது. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள சிலிக்கன் துண்டு ஒன்று செம்பின்மீது பற்றவைக்கப்பட்டு, 60 டிகிரி சூடேறினால், இரண்டின் விரிவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.009 மில்லிமீட்டர். அற்பம் என்று தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபட்டால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விழும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்து ஒடித்ததில்லையா? அதே கதைதான்.

கன்வெர்ட்டர் நின்றதும் சிறிய பாட்டரி தனித்து விடப்படுகிறது. கருவிகள் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் எடுத்தால், 45 ஆம்பியர் மணி என்பது கணக்குப்படி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். மின்னழுத்தம் அதற்கு முன்பே சரிந்துவிடும். புதிருக்கு விடை கிடைத்ததா?

புதியது பழுதாகலாமா?

‘புதுக் காருக்கு இப்படி ஆகலாமா?’ என்று வீட்டில் வருந்துவார்கள். பொறியியலார் இதை ஒரு வரைபடத்தால் விளக்குவர். ஒரே வகைப் பொருள்கள் பல, காலப்போக்கில் எந்த வேகத்தில் பழுதாகின்றன என்று வரைந்தால், தொடக்கத்தில் கோடு உயர்ந்திருக்கும். பிறகு தாழ்ந்து நெடுநாள் சமமாக ஓடும். முதுமையில் மறுபடி ஏறும். குளியல் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் இருப்பதால் ‘குளியல் தொட்டி வளைகோடு’ என்றே இதற்குப் பெயர். சோதனையில் அகப்படாமல் தப்பிய குறைபாடுள்ள உறுப்புகள் முதல் சில மாதங்களில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு காரில் மட்டும் உறுப்பு குறைபாடுடையது என்றால், வேறொன்று மாற்றினால் தீர்ந்தது. அமைப்பு முறையிலேயே குறை இருந்தால், மாற்றிய உறுப்பும் ஒரு நாள் பழுதாகும். இவற்றுள் எது உண்மை என்று ஒரே ஒரு காரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான கார்களின் பதிவுகள் ஒன்றுசேர வேண்டும். 2024 நவம்பரில், முதல் அழைப்பை விரிவாக்கி அமெரிக்காவில் 1,45,235 கார்கள் அழைக்கப்பட்டன. முதல் முறை பார்த்தவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. விஞ்ஞானம் இப்படித்தான் முன்னேறுகிறது: கணிப்பு, சோதனை, திருத்தம்.

நீங்கள் செய்யக்கூடியது

காரை ஓட்டுபவர் நீங்கள் அல்ல. ஆனால் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நீங்களாக இருக்கலாம். எச்சரிக்கை தோன்றினால், ‘வீடு வரை போய்விடலாம்’ என்று யாரும் துணிய வேண்டாம். ஆற்றல் மீதமிருக்கும்போதே சாலையின் இடது ஓரத்தில் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, வாகனங்கள் வராத பக்கமாக இறங்கி விலகி நிற்கச் சொல்லுங்கள்.

ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை யாரும் தொடக் கூடாது. வாகனப் பாதுகாப்பு விதிகளில் நேர்மின்னோட்டம் 60 வோல்ட்டைத் தாண்டினாலே உயர் மின்னழுத்தம். இங்கே அதைப்போல் பத்து மடங்கு இருக்கிறது. கயிறு கட்டி இழுத்துச் செல்லவும் கூடாது. சக்கரம் உருண்டால் நிலைக்காந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். காரைத் தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் கார் விழித்துக்கொள்ளக்கூடும். அது விழிப்புத்தானே தவிர, நோய் தீர்ந்ததாக ஆகாது.

பிறகு, உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். நாள், நேரம், ஓடிய கிலோமீட்டர், திரையில் வந்த வாசகம், பெரிய பாட்டரியின் சதவீதம், கடைசியாக மின்னேற்றம் செய்த நேரம், வெயிலா மழையா என்பவற்றை அப்படியே எழுதுங்கள். பழுதுபார்க்கும் நிலையத்தில் ‘ஒன்றும் இல்லை, சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொன்னால், கோபத்தைவிட இந்தத் தாள்தான் அதிகம் பேசும். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த உத்தரவுக்கு அடிப்படை, உங்களைப் போன்றவர்கள் தரும் தகவல்கள்தாம்.

கடைசியாக ஒரு வேலை. மின்சாரம் நின்றவுடன் தானாகவே பாதுகாப்பான நிலைக்குத் திரும்பும் கருவிகள் உங்களைச் சுற்றி வேறு என்னென்ன இருக்கின்றன? மாடிக் கட்டடத்தின் லிஃப்டிலிருந்து தொடங்குங்கள். அதன் பிரேக், மின்சாரம் இருக்கும்போது பிடிக்கிறதா, இல்லாதபோது பிடிக்கிறதா? யோசித்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.